ஆமை புகுந்த மோட்டல்

முதலில் உங்களுக்கு ஒரு பரீட்சை. பயப்படாதீர்கள், ஒரே ஒரு கேள்விதான்.

மரக்காணம் பக்கம் ஒரு கடற்கரை. விடிந்து அரைமணி நேரம் ஆகியிருக்கிறது. நடந்து போகிறீர்கள். எதிரே மணலில் ஒரு கடலாமை. சைக்கிள் சக்கரம் அகலத்துக்கு ஓடு. முன்பக்கத் துடுப்பில் நைலான் வலைத் துண்டு ஒன்று இறுகச் சுற்றியிருக்கிறது. சதை அறுபட்டு வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் உயிர் இருக்கிறது. எப்போதாவது ஒரு முறை தலையைத் தூக்கி 'புஸ்' என்று மூச்சு விடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

வலையை அறுத்துவிட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டுபோய் அலைக்குள் விட்டுவிட்டு, புண்ணியம் சேர்த்த திருப்தியோடு டீ குடிக்கப் போவீர்கள். அப்படித்தானே?

ஃபெயில். நல்ல மனசோடு ஒரு கொலையைச் செய்துவிட்டுத்தான் நீங்கள் டீக்கடைக்குப் போகிறீர்கள்.

கடலாமை மீன் கிடையாது. அதற்குச் செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரல். தண்ணீருக்கு மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டுதான் மறுபடி உள்ளே போகவேண்டும். நீந்தத் தெம்பு இருக்கிற ஆமை கடலை விட்டு வெளியே வராது. பெண் ஆமை முட்டையிட வரும். அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். வந்த வேலை முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். ஆண் ஆமை பிறந்த அன்றைக்கு மணலைப் பார்த்ததோடு சரி. ஆக, பட்டப்பகலில் ஒரு வளர்ந்த ஆமை கரையில் கிடக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான். அதனால் நீந்த முடியவில்லை. நீந்த முடியாததைத் தூக்கி ஆழத்தில் போட்டால் என்ன ஆகும்? மூழ்கிச் சாகும். ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று சிரிக்காதீர்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் மரக்காணம். கார் ஜன்னல் வழியாகப் பார்க்கிற யாருக்கும் இந்த ஊர் என்றால் உப்புதான். சாலைக்குப் பக்கத்தில் சதுரம் சதுரமாகப் பாத்திகள், வரப்பு ஓரமாகக் குவித்துவைத்த வெள்ளைக் குன்றுகள், கீற்று போட்டு மூடிய அம்பாரங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் அளவுக்குப் பேர் வாங்கவில்லையே தவிர, தமிழ்நாட்டு உப்புக் கணக்கில் மரக்காணத்துக்கு முக்கியமான இடம் உண்டு.

பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். வெள்ளைக்காரன் 1806-ல் வெட்டத் தொடங்கி, பிறகு 1878-ல் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்ட கால்வாய், ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே ஓடி வந்து தெற்கே முடிகிற இடமும் இந்த மரக்காணம்தான். பக்கத்திலேயே கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்வார்கள். 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது தமிழக அரசு.

பறவை பார்க்கப் போகிறவர்கள் மேற்கே திரும்புவார்கள். நாம் கிழக்கே திரும்புவோம். விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடற்கரை ரொம்பக் கொஞ்சம். சுமார் 40 கிலோமீட்டர்தான். அதில் 19 மீனவ கிராமங்கள். எக்கியார்குப்பம், கூனிமேடு, அனுமந்தை என்று வரிசையாகக் குப்பங்கள். மழைக்காலம் ஓய்ந்து, உப்பளத்தில் பாத்தி கட்டத் தொடங்குகிற தை மாதம் வந்தால் இந்தக் குப்பங்களுக்கு எதிரே கடலில் விருந்தாளிகள் வந்து நிற்பார்கள். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி. நம் மீனவர்களுக்குப் பங்குனி ஆமை.

எவ்வளவு அழகான பெயர் பாருங்கள். பங்குனியில் வருகிறதால் பங்குனி ஆமை. அதே மாதிரி பேராமை, அழுங்காமை, முதுகில் ஏழு வரியோடு திரிகிற பிரம்மாண்டமான ஏழுவரி ஆமை. விஞ்ஞானிகள் லத்தீனில் பெயர் சூட்டுவதற்கு முன்பே இந்தக் கடற்கரையில் ஆமைகளுக்கு ஜாதகமே கணித்துவைத்திருக்கிறார்கள்.

அகநானூற்றில் 160-ஆவது பாட்டு. எழுதியவர் குமிழிஞாழலார் நப்பசலையார் என்கிற பெண் புலவர். மணல்மேட்டில் குழி தோண்டி ஆமை முட்டையிட்டு மூடிவிட்டுப் போவதையும், அந்த முட்டை தந்தத்தில் கடைந்த வட்டு மாதிரி இருப்பதையும், புலால் நாற்றம் அடிப்பதையும் அப்படியே சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்திராத ஆள் எழுத முடியாத விவரங்கள். ஒரே ஒரு இடத்தில்தான் புலவர் கொஞ்சம் தாராளம் காட்டிவிட்டார். குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை பக்கத்திலேயே இருந்து காவல் காக்கிறதாம். நிஜத்தில் அப்பாவும் கிடையாது, அம்மாவும் கிடையாது. சுமார் 100 முட்டை, அதன்மேல் மணல், அவ்வளவுதான். 45 முதல் 60 நாள் சூரியன்தான் அடைகாக்கும். மணல் சூடு அதிகமென்றால் பெண், குறைவென்றால் ஆண். வெளியே வருகிற ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று பிழைத்துப் பெரிதானால் அதிகம் என்பார்கள்.

ஊருக்குள் வந்தால் ஆமைக்கு மரியாதை இரண்டு விதம். கோயிலில் கூர்மாவதாரம். வீட்டில்? 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது.' அது ஆமை இல்லை, கல்லாமை, பொறாமை என்றெல்லாம் பிற்பாடு வியாக்கியானம் சொன்னார்கள். ஜப்தி செய்யவரும் கோர்ட் அமீனாவோடு ஜோடி சேர்க்கப்பட்ட பிறகு வியாக்கியானம் எங்கே எடுபடும்? ஆனால், ஆமையை வீட்டுக்குள் விடக்கூடாது என்று சொன்னவர்கள் சமையலறைக்குள் விட்டார்கள் என்பதுதான் விசேஷம்.

தூத்துக்குடிப் பக்கம் பேராமை வியாபாரம் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. உயிரோடு மல்லாக்கப் போட்டுப் படகில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். ஆமை ரத்தம் மூலத்துக்கும் இளைப்புக்கும் மருந்து என்று டம்ளரில் பிடித்துக் குடித்தவர்கள் உண்டு. வடக்கே இன்னும் மோசம். ஒரிசாவில் பிடித்த பங்குனி ஆமைகள் ரயிலேறிக் கல்கத்தா சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தன. அதாவது, புலிக்கு என்ன அந்தஸ்தோ அதே அந்தஸ்து. காகிதத்தில். 1980-களின் தொடக்கத்தில் இந்திரா காந்தியே தலையிட்டு, கடலோரக் காவல் படையை ஒரிசா கரைக்கு அனுப்பிய பிறகுதான் அந்த ரயில் வியாபாரம் அடங்கியது.

*

சென்னையில் ஆமைக்காக முதலில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் அரசாங்கத்து ஆட்கள் அல்ல. பாம்புக்காரர்கள்! கிண்டி பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் 1970-களின் தொடக்கத்தில் ராத்திரி ராத்திரியாகக் கடற்கரையில் நடந்தார்கள். நாய்க்கும் நரிக்கும் முட்டை திருடுகிறவர்களுக்கும் முன்னால் போய் முட்டையை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை வேலி போட்ட மணலில் புதைத்துப் பொரிக்கவைக்க வேண்டும். 1974-ல் சென்னைக் கடற்கரையில் அப்படி முதல் பொரிப்பகம் வந்தது. கொஞ்ச வருஷம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. பிறகு வனத்துறை நடத்தியது. 1988-ல் மாணவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் அமைப்பையே தொடங்கினார்கள். பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை இன்றைக்கும் நடக்கிறதே 'ஆமை நடை', அதன் பூர்வகதை இதுதான்.

அந்தக் கூட்டத்தில் ஓர் ஆசாமியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டவர். பாம்புப் பண்ணைப் பக்கம் ஒதுங்கி, ஆமைக் கிறுக்குப் பிடித்து, இந்தியக் கடற்கரையில் சுமார் 4,000 கிலோமீட்டரைக் காலால் அளந்தார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று இந்தியாவுக்கு ஒரு வரைபடம் கிடைத்தது அவரால்தான்.

லட்சத்தீவில் சுஹேலி என்று ஆளில்லாத ஒரு தீவு. பேராமைகள் அங்கே பருவமழைக் காலத்தில்தான் முட்டையிட வரும். அந்தச் சமயம் படகுப் போக்குவரத்தே கிடையாது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? 1982-ல் மழை தொடங்கும் முன்பே போய் இறங்கிவிட்டார். படகு திரும்பிப் போய்விட்டது. மழைக்காலம் முழுக்க அவரும் ஆமைகளும்தான். மனைவிக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று ஆசை. தபால்காரருக்கு எங்கே போவது? ஜூலை 3-ம் தேதி ஒரு பாட்டிலுக்குள் கடிதத்தைப் போட்டு மூடிக் கடலில் எறிந்தார். 24 நாள் கழித்து அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் சேர்த்துவிட்டார். மனைவிக்குக் கடிதம் வந்து சேர்ந்தது. நம்மூர் தபால் சில சமயம் இதைவிட லேட்டாக வரும். சதீஷ் 2023-ல் காலமானார். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்திருக்கிறது.

ஆனால், இவர்கள் எல்லாருடைய கவனமும் முட்டைமீதும் குஞ்சுமீதும்தான் இருந்தது. நியாயம்தான், அன்றைக்கு அதுதான் அவசரம். அடிபட்டு ஒதுங்குகிற தாய் ஆமைக்கு வைத்தியம் பார்க்கலாம் என்கிற யோசனை உலகத்தில் எங்கேயும் அப்போது பெரிதாக இல்லை. அதைத் தொடங்கிவைத்தவர் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. ஒரு மோட்டல் முதலாளி.

*

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் வால் நுனியில் தீவுத் தீவாகச் சிதறிக் கிடக்கும் பகுதியில் மாரத்தான் என்று ஓர் ஊர். அங்கே ரிச்சி மொரெட்டி என்பவர் ஒரு மோட்டல் நடத்திவந்தார். மோட்டலில் கடல் தண்ணீர் நிரப்பிய ஒரு குளம். அதில் மீன்களை விட்டு, தங்கவருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டுவார். 1980-களில் அமெரிக்கக் குழந்தைகளை நிஞ்சா ஆமைகள் ஆட்டிப்படைத்த காலம். வருகிற குழந்தைகள் எல்லாம் ஒரே கேள்வி. 'அங்கிள், ஆமை எங்கே?'

சரி, ஓர் ஆமை வாங்கி விடலாம் என்று விசாரித்தார். வாங்க முடியாது, சட்டம் விடாது என்றார்கள். வைத்திருக்க ஒரே வழி, அடிபட்ட ஆமைக்கு வைத்தியம் பார்ப்பதாக இருந்தால் அனுமதி தரலாம். மனிதர் அதற்கும் சரி என்றார்! 1986-ல் தொடங்கியது உலகின் முதல் ஆமை ஆஸ்பத்திரி. மோட்டல் அறைகளின் வாடகையில் ஆமைகளுக்கு மருந்து. 1991-ல் பக்கத்திலிருந்த நைட் கிளப் விலைக்கு வந்தது. வாங்கினார். நடனம் நடந்த கட்டடத்தில் ஆபரேஷன் தியேட்டர் வந்தது.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் பாலன்ஸ் ஷீட் கண்ணில் படுகிறது. நன்கொடை இல்லை, மானியம் இல்லை. ஒரு லாபகரமான தொழிலின் செலவுக் கணக்கில் ஆமை என்று ஒரு வரி. எத்தனை முதலாளிகளுக்கு இது தோன்றும்? 2005-ல் வில்மா புயல் மோட்டலை நாசம் செய்தது. மோட்டல் போனது. ஆஸ்பத்திரி நின்றது. பார்வையாளர்களின் டிக்கெட் காசில் அது தொடர்ந்தது.

அங்கேயும் அதைத் தொடர்ந்து வந்த மற்ற இடங்களிலும் ஆமை வைத்தியம் என்று ஒரு துறையே உருவானது. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மாதக்கணக்கில் அசையாமல் மிதந்த ஆமையின் ஓடு முழுக்கக் கொட்டலசு அப்பிக்கொண்டிருக்கும். கடல் ஜீவன் அது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஆமையைச் சில நாள் வைத்தால் கொட்டலசு தானாகச் செத்து உதிரும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. படகு மோதி ஓடு உடைந்த ஆமைக்கு ஓட்டுக்குள் காற்று புகுந்துகொள்ளும். அப்புறம் பின்பக்கம் பலூன் மாதிரி மேலே தூக்கிக்கொண்டே மிதக்கும். முக்கிச் சாப்பாடு தேடமுடியாது. அதற்கு ஓட்டின்மேல் எடைக்கல் ஒட்டுகிறார்கள். தராசில் வைக்கிற மாதிரி, இத்தனை கிராம் இந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்து!

ஜப்பானில் கோபே நகரத்து மீன் காட்சியகத்தில் யூ-சான் என்று ஓர் ஆமை. 2008-ல் சுறா கடித்து முன் துடுப்புகள் இரண்டும் போன நிலையில் வந்தது. அதற்குச் செயற்கைத் துடுப்பு செய்து மாட்டினார்கள். கழன்றது. வேறு செய்தார்கள். கடித்து வலித்தது. 2013-ல் இருபத்தேழாவது ஜோடி மாட்டி நீந்தவிட்டபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் திடீர்க் குளிர். தண்ணீர் குளிர்ந்தால் ஆமைக்குக் கைகால் மரத்துப்போகும். அப்படியே மிதக்கும். படகுக்காரர்களும் ஊர்க்காரர்களும் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து குவித்தார்கள். சுமார் 5,000 ஆமைகள்! மருத்துவமனை கொள்ளவில்லை. ஊர் மாநாட்டு மண்டபத்தைத் திறந்து தரையில் வரிசையாகப் படுக்கவைத்தார்கள். கரண்ட் வேறு போய்விட்டது. ராக்கெட் விடுகிற ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி ஜெனரேட்டர் அனுப்பிவைத்தது.

நம்ம ஊரிலும் இந்த வேலை நடக்கிறது. சத்தமில்லாமல். 2002-ல் சுப்ரஜா தாரிணி சென்னையில் ட்ரீ ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். மீனவ இளைஞர்களையே திரட்டிக் கடலாமைக் காவலர்கள் ஆக்கினார். கைவிடப்பட்ட வலையில் சிக்கித் துடுப்பு அறுந்த ஆமைகளை எடுத்துவந்து, வனத்துறையின் ஒத்துழைப்போடு சிகிச்சை அளித்துக் கடலில் விடுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. மகாராஷ்டிராவில் தகாணுவில் இதற்கென்றே ஒரு மையம் இயங்கிவருகிறது. ஒரு துடுப்பு போன ஆமை பழகிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகமுடியும். முன் துடுப்புகள் இரண்டும் போனால்? அதற்கு ஆயுசுக்கும் தொட்டிதான்.

*

சரி, ஆமைகள் ஏன் இப்படி ஒதுங்குகின்றன?

விசைப்படகுகள் இழுக்கும் மடி வலை கடலடியைத் துடைத்துக்கொண்டு போகும். இறாலுக்குப் போட்ட வலையில் ஆமையும் போகும். சும்மா மேய்கிற ஆமை முக்கால் மணி நேரம்கூட மூச்சுப் பிடிக்கும். வலையில் சிக்கிப் பயந்து திமிறுகிற ஆமைக்கு அந்தக் கணக்கு செல்லாது. வலையோ மணிக்கணக்கில் அடியில் கிடக்கும். மேலே தூக்கும்போது பிணம். அல்லது பிணம் மாதிரி. அதைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டு அடுத்த வலையைப் போடுவார்கள். இது போக, திருக்கை வலை போன்ற பெரிய கண் வலைகள். இது போக, அறுந்துபோய் ஆளில்லாமல் அலைகிற வலைகள்.

மடி வலைக்கு ஒரு மாற்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு மீனவர்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக்காரர், பெயர் சிங்கி பூன். ஆமைமேல் அவருக்குப் பாசம் ஒன்றும் இல்லை. 1960-களில் அவருடைய இறால் வலையில் கூடை கூடையாக ஜெல்லி மீன் சேர்ந்து உயிரை வாங்கியது. வலைக்கு நடுவில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டத்தை வைத்து, அதற்கு மேலே ஒரு ஓட்டை போட்டார். இறால் கம்பி இடுக்கில் புகுந்து பின்னால் போய்விடும். ஜெல்லி மீன் கம்பியில் மோதி ஓட்டை வழியாக வெளியே போகும். ஆமையும் அப்படியே போகும் என்று பிற்பாடுதான் கண்டுகொண்டார்கள். 1987-ல் அமெரிக்க அரசு இந்தச் சட்டத்தைக் கட்டாயம் ஆக்கியது.

1989-ல் இன்னொரு சட்டம். எங்கள் மீனவன் மட்டும் ஏன் நஷ்டப்பட வேண்டும்? ஆமையைக் கொல்லாமல் பிடித்த இறாலை மட்டும்தான் இறக்குமதி செய்வோம். இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்கு ஓடின. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. ஆமையைக் காப்பாற்றும் நோக்கம் சரி, ஆனால் நாடுகளிடையே பாரபட்சம் காட்டினீர்கள், அது தப்பு என்று அமெரிக்காவுக்குக் குட்டு. அடுத்த வருஷம் சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு. வெளியே ஆர்ப்பாட்டம். நூற்றுக்கணக்கானவர்கள் அட்டையில் ஆமை வேஷம் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நம் இறாலும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

நம்மிடம் சாதனம் இல்லாமல் இல்லை. கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம், இந்திய வலைகளுக்கு ஏற்றபடி ஒன்றை உருவாக்கித் தந்தது. சட்டமும் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக்கூடாது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் காத்து நிற்பது அந்த 5 மைலுக்குள்தான். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் வேறு இருக்கிறதே என்பீர்கள். அது ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள். காலண்டரை எடுத்துப் பாருங்கள். பங்குனி முடிந்த கையோடு தடை தொடங்குகிறது!

2025 ஜனவரியில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். சென்னையையும் அதற்குத் தெற்கே உள்ள கடற்கரைகளையும் ஒட்டி ஆமைப் பிணங்களாக ஒதுங்கின. ஆயிரத்துக்கு மேல். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. ரோந்து போனார்கள், படகுகள்மீது நடவடிக்கை எடுத்தார்கள். அதே சீசனில், பிப்ரவரியில், ஒடிசாவின் ருஷிகுல்யா கரையில் சுமார் 7 லட்சம் ஆமைகள் வந்து முட்டையிட்டு சாதனை படைத்தன. இரண்டு செய்தியும் ஒரே மாதத்துப் பேப்பரில் வந்தால் வாசகன் என்ன நினைப்பான்? அதுதான் லட்சக்கணக்கில் இருக்கிறதே, ஆயிரம் போனால் என்ன என்றுதானே? ஒரு பங்குனி ஆமை முட்டையிடத் தயாராகவே பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். நம் கரையில் செத்து ஒதுங்கியவை அந்தப் பத்து வருஷத்தையும் ஆயிரத்தில் ஒன்றாகத் தாண்டி வந்தவை.

*

இப்போது பழைய பரீட்சைக்கு வருவோம். பாஸ் ஆவது எப்படி?

உயிரோடு கிடந்தால் நிழலுக்கு நகர்த்துங்கள். முடியாவிட்டால் ஓட்டின்மேல் ஈரத்துணி. மூக்கை மூடக்கூடாது. துடுப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்துத் தூக்க வேண்டும். 35, 40 கிலோ இருக்கும். தண்ணீரில் போடாதீர்கள், குடிக்கவும் கொடுக்காதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் அட்டவணைப் பிராணி. உள்ளே வைத்துவிடுவார்கள்.

அசைவே இல்லையா? அவசரப்பட்டுப் 'போச்சு' என்று சொல்லாதீர்கள். மூழ்கிய ஆமை மயக்கத்தில் இருந்தால் பார்ப்பதற்குப் பிணம் மாதிரியேதான் இருக்கும். அமெரிக்க மீனவர்களுக்கு இதற்கென்று விதிமுறையே இருக்கிறது. ஆமையைக் குப்புற வைத்து, பின்பக்கத்தை ஆறு அங்குலமாவது உயர்த்த வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் வாய் வழியாக வடியும். நிழலில், ஈரத்துணியோடு, குறைந்தது 4 மணி நேரம். தேவைப்பட்டால் 24 மணி நேரம்வரை. நடுநடுவே கண்ணோரத்திலோ வாலிலோ லேசாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண் சிமிட்டினால் உயிர் இருக்கிறது.

படகில் இருக்கிறவர்களுக்கு இதைச் செய்ய நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டீசல் எரிகிறது, ஐஸ் கரைகிறது. சின்னப் படகுக்காரர் வலையில் ஆமை சிக்கினால் இன்னும் சிக்கல். வலையை அறுத்தால்தான் அதை உயிரோடு விடுவிக்க முடியும். வலை கடனில் வாங்கியது. சாமி என்று கும்பிட்டு, வலையை அறுத்து விட்டவர்கள் நம் குப்பங்களில் உண்டு. அந்த நஷ்டம் அவர்கள் வீட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது. ஆமை யாருடைய சொத்து? நாட்டின் சொத்து என்கிறது சட்டம். அப்புறம் செலவு மட்டும் ஏன் ஒரு கட்டுமரக்காரர் பேரில்?

பாக் நீரிணையில் வலையில் மாட்டிய ஆவுளியாவைத் திரும்பக் கடலில் விட்ட மீனவர்களுக்குத் தமிழக வனத்துறை ரொக்கப் பரிசு கொடுத்திருக்கிறது. மகாராஷ்டிரா இன்னும் ஒரு படி மேலே போய், 2018 டிசம்பரில் ஒரு திட்டமே கொண்டுவந்தது. கடலாமை, ஓங்கில் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட ஜீவன் எது சிக்கினாலும் சரி. வலையை அறுத்து விடுங்கள், அதிகபட்சம் 25,000 ரூபாய்வரை வலைக்கு நஷ்டஈடு. சாட்சிக்கு என்ன செய்வது? வலையை அறுப்பதையும் ஆமையைக் கடலில் விடுவதையும் படம் எடுத்துக் காட்டினால் போதும்.

மரக்காணத்துக் குப்பங்களில் இன்றைக்கு செல்போன் இல்லாத படகு எது, சொல்லுங்கள்?